பிரமிடுக்கு வயது என்ன?

ஊரிலே ஒரு பெரிய வீடு இருந்தால் போதும், அதைப் பற்றி நாலு கதை கிளம்பிவிடும். புதையல் எடுத்துக் கட்டினான் என்பார் ஒருவர். ஒரே ராத்திரியில் பூதம் வந்து கட்டிக் கொடுத்தது என்பார் இன்னொருவர். வெயிலில் நின்று கல் சுமந்தவனைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். சாதாரணப் பெரிய வீட்டுக்கே இப்படி என்றால், 4,500 வருஷமாக மலைபோல் நிற்கும் ஒரு கட்டடத்துக்கு எத்தனை கதைகள் இருக்கும்!

எகிப்து தேசத்தில், நைல் நதியின் மேற்குக் கரையில், கெய்ரோ நகரத்தை ஒட்டினாற்போல் கீஸா என்ற மேடு இருக்கிறது. அங்கே நிற்கும் பெரிய பிரமிடைத்தான் சொல்கிறேன். வாசகர்கள் சிரமம் பாராமல் என்னோடு ஒரு நடை வரவேண்டும். கையில் குடை அவசியம், வெயில் அப்படி!

மாடி வீடுகள் முடிகிற இடத்தில், கோடு கிழித்த மாதிரி, பாலைவனம் ஆரம்பமாகிவிடுகிறது. ஒட்டகக்காரர்களிடமிருந்து தப்பித்து மேட்டில் ஏறினால் மூன்று பிரமிடுகள் தெரிகின்றன. கூஃபு என்ற அரசனுடையது முதலாவது, அவன் மகன் காஃப்ரேயுடையது அடுத்தது, மென்கௌரேயுடையது சிறியது. சிறியது என்பது மற்ற இரண்டையும் பார்த்த பிறகு சொல்கிற பேச்சு!

கூஃபுவின் பிரமிட் கட்டியபோது 146 மீட்டர் உயரம். மேலே பூட்டியிருந்த வழவழப்பான வெள்ளைக் கற்களைப் பிற்காலத்தார் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால் இன்று 138 மீட்டர் சொச்சம்தான். ஒரு பக்கம் 230 மீட்டர். சுற்றி வந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. ஏறத்தாழ 23 லட்சம் கற்கள் என்று கணக்கிடுகிறார்கள். இவ்வளவு பெரிய கட்டடத்தின் பக்கங்கள் வடக்குத் திசையிலிருந்து ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்கு கூடப் பிசகவில்லை.

உள்ளே போக வேண்டுமானால் முதுகை வளைத்துத்தான் போகவேண்டும். மூச்சு வாங்க ஏறினால் கருங்கல்லால் ஆன ஓர் அறை. அந்தக் கருங்கல் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அஸ்வானிலிருந்து படகில் வந்தது. அறையின் சுவரில் ஒரு சித்திரமில்லை, ஓர் எழுத்தில்லை. மூலையில் மூடியில்லாத கல் தொட்டி ஒன்று. அதற்குள் எவருமில்லை. அவ்வளவுதான்!

இந்த மௌனம்தான் எல்லாக் கதைகளுக்கும் தாய்.

குதிரா, கோளா, மின்சார நிலையமா?

பைபிளில் வரும் யோசேப்பு பஞ்ச காலத்துக்காகத் தானியம் சேர்த்து வைத்த குதிர்கள் இவை என்று மத்திய காலத்து ஐரோப்பியர் பலர் நம்பினார்கள். வெனிஸ் நகரத்து ஸான் மார்க்கோ கோயிலின் மேற்கூரைச் சித்திரங்களில் பிரமிடுகள் குதிர்களாகவே நிற்பதை இன்றும் காணலாம். மலையளவு கல்லை அடுக்கி, உள்ளே நாலு மூட்டைக்கு இடம் விட்டால் அது எந்த வீட்டுக்கு உதவும் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் அரசாங்க வான சாஸ்திரி பியாஸி ஸ்மித், பிரமிடின் அளவுகளில் பூமியின் அளவும் வருஷத்தின் நாட்களும் பொதிந்திருக்கின்றன என்றார். 'பிரமிட் அங்குலம்' என்று ஓர் அங்குலத்தையே கண்டுபிடித்தார். இத்தனை ஞானம் எகிப்தியருக்கு ஏது, தெய்வமே சொல்லிக் கொடுத்துக் கட்டியது என்பது அவர் கட்சி. மனைவி ஜெஸ்ஸியையும் அழைத்துக்கொண்டு கீஸாவுக்கே போய் அளந்தார். 1900-ல் அவர் காலமானபோது, இங்கிலாந்தில் அவர் சமாதியின் மேல் ஒரு சின்னப் பிரமிடையே கட்டி வைத்தார்கள். பக்தி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

அமெரிக்காவில் எட்கர் கேஸி என்பவர், தூக்கத்தில் ஆழ்ந்த நிலையில் எதிர்காலமும் இறந்த காலமும் சொல்லிக் கொண்டிருந்தார். கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் மக்கள் கி.மு. 10,500 வாக்கில் எகிப்துக்கு வந்தார்கள். பிரமிட் அந்தக் காலத்தது. ஸ்பிங்க்ஸ் சிலைக்கு அருகே பூமிக்கடியில் அவர்களுடைய ஏடுகள் நிறைந்த மண்டபம் இருக்கிறது என்றார். 1968-ல் எரிக் ஃபான் டேனிக்கன், வேற்றுக் கிரகத்தாரைப் பூமிக்கு அழைத்து வந்து ஒரு புத்தகம் எழுதினார். அது லட்சக் கணக்கில் விற்றது. 1994-ல் ராபர்ட் பௌவால், மூன்று பிரமிடுகளும் மிருகசீரிஷத்தைச் சேர்ந்த மூன்று நட்சத்திரங்களின் பிரதிபிம்பம் என்றார். 1998-ல் கிறிஸ்டோபர் டன் என்ற எந்திர நிபுணர், பிரமிட் ஒரு மின்சார நிலையம் என்று சொல்லிவிட்டார்!

எல்லாம் கேட்கச் சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? தெய்வம் வருகிறது, அட்லாண்டிஸ்காரர் வருகிறார், வேற்றுக் கிரகத்தாரும் வருகிறார்கள். அந்த மண்ணில் பிறந்து அங்கேயே உழைத்த எகிப்தியர் மட்டும் கதையிலிருந்து மெள்ள வெளியே தள்ளப்படுகிறார்.

அளக்கப் போனவர்கள்

இந்தக் கதைகளைத் தள்ளிவிட எகிப்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஆனால் இவற்றை நம்பிக்கொண்டே போன இரண்டு பேரின் சரித்திரம்தான் எனக்கு அதிகமாகப் பிடித்தது.

ஒருவர் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி. பதின்மூன்று வயதில் ஸ்மித்தின் புத்தகத்தைப் படித்து மயங்கியவர். தகப்பனாரும் அதே மயக்கத்தில் இருந்தவர். 1880-ல், 27-ஆவது வயதில், நல்ல அளவு கருவிகளோடு கீஸாவுக்கு வந்தார். பழைய கல்லறை ஒன்றில் குடியிருந்துகொண்டு இரண்டு பருவங்கள் அளந்தார். வேடிக்கை பார்க்க வந்த பிரயாணிகளின் தொல்லை தாங்காமல், ரோஜா நிற உள்ளாடைகளோடு வெளியே வேலை செய்தாராம். பிரயாணிகள் பயந்து விலகிப் போய்விட்டார்கள்! அளந்து முடித்துப் பார்த்தால், ஸ்மித்தின் கொள்கைக்கு வேண்டிய நீளத்தைவிடப் பிரமிடின் பக்கம் பல அங்குலம் குறைச்சல். பெட்ரி அதை மறைக்கவில்லை. 1883-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

இன்னொருவர் அமெரிக்க இளைஞர் மார்க் லேனர். எட்கர் கேஸியின் அன்பர்கள் கொடுத்த உதவியோடு 1970-களில் கெய்ரோவுக்குப் படிக்க வந்தார். ஏடுகள் நிறைந்த மண்டபத்தைத் தேடி வந்தவருக்கு மண்ணைத் தோண்டத் தோண்ட மனம் மாறியது. ஸ்பிங்க்ஸ் சிலையைக் கல் கல்லாக அளந்து படம் எழுதினார். 1984-ல், கேஸியின் பெயரிலுள்ள ஸ்தாபனமே பணம் கொடுக்க, பிரமிடின் வயதைச் சோதிக்கும் வேலையிலும் இறங்கினார்.

எப்படிச் சோதிப்பது? கல்லுக்கு வயது கேட்டுப் பிரயோஜனமில்லை. கற்களுக்கு நடுவே பூசிய சாந்தைக் கேட்கவேண்டும். அந்தச் சாந்தைக் காய்ச்ச விறகு எரித்தார்கள். கரித்துண்டுகள் அதில் ஒட்டிக்கொண்டன. மரம் செத்த நாளிலிருந்து அதிலுள்ள ஒருவகைக் கரி ஓர் ஒழுங்கான வேகத்தில் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் வயது தெரியும். 1984-ல் கிடைத்த விடை, சரித்திரக்காரர் சொன்னதைவிட முந்நூற்றுச் சொச்சம் வருஷம் முந்தியிருந்தது. 1995-ல் மறுபடி பார்த்தபோது வித்தியாசம் 100 முதல் 200 வருஷமாகக் குறைந்தது. பழைய மரத்தையும் கட்டையையும் விறகாகப் போட்டிருந்தால் இப்படி வரும் என்கிறார்கள். எப்படியானாலும் கி.மு. 10,500 எங்கே, இது எங்கே!

ஸ்பிங்க்ஸ் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. 1991-ல் ராபர்ட் ஷாக் என்ற பாஸ்டன் சர்வகலாசாலைப் பேராசிரியர், சிலையைச் சுற்றியுள்ள பாறையில் இருப்பது மழை அரித்த தழும்பு, ஆகவே சிலை பல்லாயிரம் வருஷம் மூத்தது என்றார். பாறை சாஸ்திரம் படித்தவர் சொல்லும்போது தள்ளிவிட முடியாது. அந்தப் பாறையில் கெட்டியான அடுக்கும் உதிர்கிற அடுக்கும் மாறி மாறி இருக்கின்றன, தழும்புக்கு அதுவே காரணம் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். சிலையைச் சுற்றி வெட்டியெடுத்த கற்களே அதன் எதிரிலுள்ள கோயிலில் இருக்கின்றன. அதோடு, அத்தனை பெரிய சிலையைச் செதுக்கிய ஜனங்கள் ஓர் உடைந்த சட்டியைக்கூட விட்டுவிட்டுப் போகாமல் இருப்பார்களா?

மேஸ்திரியின் டைரி

முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்வது எல்லார் வீட்டிலும் உண்டு. எகிப்தியர் வீட்டிலும் அப்படித்தான். கூஃபுவின் தகப்பன் ஸ்னெஃப்ரு காலத்தில் தாஷூர் என்ற இடத்தில் ஒரு பிரமிட் கட்டினார்கள். பாதி உயரம் போனதும் பயந்துபோய்ச் சாய்வைக் குறைத்துக்கொண்டார்கள். அதனால் அது இன்றும் கூன் விழுந்து நிற்கிறது. அடுத்ததைச் சாய்வு குறைத்தே கட்டி ஜயித்தார்கள். அதற்குப் பிறகுதான் மகனுடைய பெரிய பிரமிட். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி எதற்கு?

கூஃபுவின் அறைக்கு மேலே, யாரும் பார்க்கக் கூடாத பொந்துகளில், கட்டியவர்கள் சிவப்பு மையால் தங்கள் கோஷ்டியின் பெயரைக் கிறுக்கியிருக்கிறார்கள்: 'கூஃபுவின் நண்பர்கள்.' மென்கௌரேயின் பிரமிடைக் கட்டிய ஒரு கோஷ்டிக்கு 'மென்கௌரேயின் குடிகாரர்கள்' என்று பெயர்! 1837-ல் பொந்தைத் திறந்த ஆங்கிலேயரே இவற்றை எழுதிவிட்டார் என்று பிற்காலத்தில் ஒரு குற்றச்சாட்டும் வந்தது. ஆனால் சில எழுத்துக்கள் இரண்டு கற்களின் இடுக்குக்குள் போய் மறைகின்றன. கல்லை வைத்த பிறகு அங்கே தூரிகை நுழையாது.

2013-ல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பியர் தாலே என்ற பிரெஞ்சுக்காரர் சில பாபிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தார். எழுதப்பட்ட பாபிரஸ்களில் இன்று உலகத்தில் உள்ளவற்றுக்குள் மூத்தவை அவை. மெரெர் என்ற ஒரு மேஸ்திரியின் வேலைக் குறிப்பு! கூஃபுவின் கடைசி வருஷங்களில், ஏறக்குறைய 40 ஆட்களோடு, நதிக்கு அக்கரையிலுள்ள தூராவில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் ஏற்றி, கீஸாவில் இறக்கிய கணக்கு. இன்று கல் ஏற்றினோம், இன்று படகில் போனோம், இன்று ராத்திரி இங்கே தங்கினோம் என்று நாள் நாளாக எழுதியிருக்கிறார். தெய்வ ரகசியம் ஒன்றும் இல்லை.

"சரி, கட்டியவர் எகிப்தியரே, ஆனால் கல்லறை என்பதற்கு அத்தாட்சி என்ன, பெட்டி காலியாக அல்லவா இருக்கிறது?" என்று கேட்கலாம். இதற்குப் பதில் சொல்பவர் ஓர் அம்மாள். கூஃபுவின் தாயார் ஹெதெப்ஹெரெஸ். 1925-ல் ஜார்ஜ் ரெய்ஸ்னரின் ஆட்கள் பெரிய பிரமிடுக்குக் கிழக்கே அவளுடைய புதைகுழியைக் கண்டார்கள். பொன் தகடு போர்த்திய கட்டில், நாற்காலி, பட்டாம்பூச்சி பதித்த வெள்ளி வளையல்கள் எல்லாம் இருந்தன. கல் பெட்டி மூடியபடியே இருந்தது. 1927-ல் திறந்தார்கள். உள்ளே வெறுமை! ஆகவே பெட்டி காலி என்பதனால் அது கல்லறையல்ல என்று ஆகிவிடாது.

ரகசியம் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. வானத்திலிருந்து பொழியும் நுண்துகள்களைக் கொண்டு படம் பிடித்ததில், பெரிய பிரமிடுக்குள் 30 மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள வெற்றிடம் ஒன்று 2017-ல் தெரியவந்தது. எதற்காக விட்டார்கள் என்று இன்னும் வாதம் நடக்கிறது. 2023-ல் 9 மீட்டர் நீளமுள்ள ஒரு தாழ்வாரத்தையும் உறுதி செய்தார்கள். கேள்வி கேட்பவர்களுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

காக்கைச் சுவருக்கு அப்பால்

பிரமிடைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பிரயாணிகள் பெரும்பாலும் பார்க்காத ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போய் முடித்துவிடுகிறேன். ஸ்பிங்க்ஸுக்குத் தெற்கே 'காக்கைச் சுவர்' என்ற பெரிய மதில் இருக்கிறது. அதற்கு அப்பால், கட்டியவர்கள் வாழ்ந்த ஊரை மார்க் லேனரின் குழுவினர் தோண்டி எடுத்தார்கள். தெருக்கள், தானியக் கிடங்கு, மாடு ஆடுகளின் எலும்புகள். 1991-ல் ரொட்டி சுடும் கூடங்களும் கிடைத்தன. மணி போன்ற பெரிய மண் அச்சுகளைத் தணலில் புதைத்து ரொட்டி சுட்டிருக்கிறார்கள். லட்சம் பேர் வேலை செய்தார்கள் என்று கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதினார். இருபதினாயிரம், முப்பதினாயிரம் இருக்கலாம் என்று இன்று சொல்கிறார்கள். அத்தனை வயிற்றுக்கும் தினம் சோறு போடுவது என்ன லேசான காரியமா? கல்லை ஏற்றியது எப்படி என்று கேட்டவர்கள் ஆயிரம் பேர். அடுப்பு எங்கே என்று கேட்டவர்கள் வெகு சிலர்.

பக்கத்திலுள்ள மேட்டுச் சரிவில், 1990-ல் ஒரு குதிரையின் கால் இடறி, தொழிலாளிகளின் கல்லறைகள் வெளிப்பட்டன. அடிமைகள் என்று எண்ணி வந்த ஜனங்களுக்கு, அரசனுடைய பிரமிடின் பார்வையிலேயே புதைகுழி! அதற்காக அவர்கள் வாழ்வு சுகமாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஆண், பெண் இருபாலார் முதுகெலும்பும் பாரம் சுமந்து தேய்ந்திருக்கிறது. பல கைகள் முறிந்திருக்கின்றன.

ஆனால் முறிந்த எலும்புகள் பல, நேராகக் கூடியிருக்கின்றன. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, எலும்பைச் சேர்த்து, கட்டை வைத்துக் கட்டி, கூடுகிறவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வேற்றுக் கிரகத்திலிருந்து வரவில்லை.