நாக்கைத் தூக்குங்கள், பார்க்கிறேன்

நீரிழிவு பல வருடம் குடியிருந்த உடம்பில், வலி வந்து எச்சரிக்கும் என்று இதயத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. நரம்புகளும் பழுதாகியிருப்பதால் சிலருக்கு மாரடைப்பே சத்தமில்லாமல் வந்துபோகிறது. சிங்கப்பூரில் சீன மருத்துவம் பார்க்கும் என்னிடம் வருகிறவர்கள், "நெஞ்சுல ஒண்ணுமில்லைங்க ஐயா, மாடி ஏறினா மட்டும் மூச்சு வாங்குது" என்பார்கள். அப்படிச் சொன்னவரை முதலில் இதயப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். கஷாயமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடியில் ஓடும் இரண்டு இரத்தக் குழாய்களைப் பார்ப்பேன். தடித்து, கருநீலமாக நெளிந்திருந்தால் எங்கள் மரபில் அது இரத்தத் தேக்கம். அடுத்து நாடி. சித்த மருத்துவத்தைப் போலவே மூன்று விரல்தான். படிக்கும் விதம் வேறு. இடது மணிக்கட்டில் ஆள்காட்டி விரல் விழும் இடம் இதயத்துக்கு உரியது. லேசாக, நடுத்தரமாக, ஆழமாக அழுத்திப் பார்க்க வேண்டும். சீன மருத்துவர் லீ ஷிஜென் 1564இல் எழுதிய நாடி நூலில் 27 வகை நாடிகள் இருக்கின்றன. விரலுக்கு அவை பிடிபட வருடங்கள் ஆகும். ஆனாலும் நாடி ஒருபோதும் ஈசிஜிக்கு மாற்றாகாது.

விட்டுவிட்டு ஓடும் நாடிக்கு, ஏறத்தாழ 1,800 வருடங்களுக்கு முன்பே பழைய சீன மருத்துவர் ஜாங் ஜொங்ஜிங் ஒரு கஷாயம் சொல்லியிருக்கிறார். வறுத்த அதிமதுரம்தான் அதன் தலைமை மருந்து. நான் பெரிதும் மதிக்கும் கஷாயம் அது; ஆனால் எல்லோருக்கும் கொடுக்க மாட்டேன். அதிமதுரம் உடம்பில் நீரைத் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் பிரிய மாத்திரையும் டிகாக்சின் என்ற இதய மருந்தும் எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. இரத்தத் தேக்கத்துக்கு நாங்கள் முதலில் தேடும் டான்ஷென் வேரும் அப்படித்தான். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு அதிகமாகும். அதனால் எழுதுகோலைத் தொடும் முன் நோயாளியின் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். எதையும் நிறுத்தச் சொல்வதில்லை.

இப்படி நவீன மருந்தோடு சேர்ந்து நடப்பதில்தான் எங்கள் மருத்துவத்தின் எதிர்காலம் இருக்கிறது என்று நம்புகிறேன். டான்ஷென் உட்பட 11 மூலிகைகள் சேர்ந்த சீலிச்சியாங்ஷின் கேப்சூலை, இதயம் பலவீனமான 3,110 பேரிடம் சோதித்த ஆய்வு 2024இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. வழக்கமான மருந்துகளை எடுத்துக்கொண்டே ஒப்பீட்டுக்கான மருந்தற்ற போலிக் கேப்சூல் பெற்றவர்களில் 30.03 சதவீதம் பேர் இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தார்கள். கேப்சூலும் பெற்றவர்களில் அது 25.02 சதவீதம். நீரிழிவுக்காரர்களுக்கென்று நடந்த ஆய்வு அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அந்த எண்களைப் படித்த அன்று மனம் நிறைந்திருந்தது.

கஷாயச் சீட்டின் நகல் ஒன்றை இதய மருத்துவருக்கும் கொடுத்தனுப்புகிறேன். மூலிகைகளின் லத்தீன் பெயரும் எடையும் அதில் இருக்கும். சீன எழுத்து மட்டும் இருந்தால் அவர் எதை வைத்துப் பொட்டாசியம் பார்க்கச் சொல்வார்?