ஒருவருக்கான கோப்பி

எங்கள் வீட்டில் கோப்பி என்றால் கேத்தல் நிறையத்தான். உம்மாவின் காலத்தில் ஒரு கோப்பைக்கு மட்டும் அளந்து யாரும் தண்ணீர் வைத்ததில்லை. யாராவது வருவார்கள் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே கொதித்தது.

மனைவி மௌத்தான பிறகு, டோஹாவிலுள்ள மகன் ஏரோபிறெஸ் ஒன்றை அனுப்பிவைத்தான். 2005இல் அமெரிக்கரான அலன் அட்லர் அறிமுகப்படுத்திய கைக்கருவி. ஒரு கோப்பை மட்டும் ஊற்றினால் கோப்பி நன்றாக வருவதில்லையே என்ற குறைதான் அவரை இதில் இறக்கியது.

குழாயின் அடியில் வட்டக் கடதாசி, அதன்மேல் தூள். கொதித்த நீரை 80 பாகை செல்சியஸ் அளவுக்கு ஆறவிட்டு ஊற்றிக் கலக்க வேண்டும். சூடு கூடினால் கசப்பும் கூடும். பிறகு உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால், மண்டியில்லாமல் கோப்பி இறங்கும்.

அடுத்த கோப்பைக்குச் சக்கையைத் தள்ளிக் கழுவி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால், வருபவருக்கு முதலில் ஊற்றிக் கொடுக்கிறேன். எனக்கானது இறங்கும்வரை அவர் குடிக்காமல் கதைத்துக்கொண்டிருப்பார். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே, கேத்தலை நான் இன்னும் நிறைத்துத்தான் வைக்கிறேன்.