மீறலும் ஒடுக்குமுறையும்

நண்பர் ஒருவர் அண்மையில் இவ்விரு சொற்களையும் ஒரே பொருளில் வழங்கினார். எனக்கோ அவை வேறு வேறாகவே தோன்றுகின்றன. மீறலுக்கு ஓர் எல்லை வேண்டும். சட்டமோ வாக்குறுதியோ வகுத்த எல்லையைக் கடப்பதே மீறல். ஒடுக்குமுறையோ ஒரு செயலோடு முடிவதன்று. நாள்தோறும் அழுத்தும் சுமை அது. எல்லையை வகுப்பவரே அச்சுமையை ஏற்றவும் கூடும்.

1930ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஏழையின் உப்புக்கும் அன்றைய அரசு வரி கொண்டது. கடலோரத்தில் உப்பெடுப்பதும் குற்றம் எனப்பட்டது. ஏப்ரல் திங்களில் தண்டியில் காந்தியடிகளும் வேதாரண்யத்தில் இராஜாஜியும் அச்சட்டத்தை மீறினர். நம் மும்பையின் வடாலா உப்பளங்களிலும் மக்கள் திரண்டு மீறினர். அங்கே ஒடுக்கியது சட்டம். அதனை மீறியதே அறம்.

1950இல் இதற்கு மறுதலையாக ஒன்று நிகழ்ந்தது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. வழக்கம் என்னும் பெயரால் நிலவிய ஒடுக்குமுறை அன்றுமுதல் சட்ட மீறலாயிற்று. ஒடுக்கப்பட்டோர்க்கு முறையிட வழி பிறந்தது.

ஆயினும், மீறல் என்று பெயர் பெறாத ஒடுக்குமுறைகள் இன்னும் உள. எங்கள் அடுக்குமாடியில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் தனி மின்தூக்கியில்தான் ஏறவேண்டும் என்பது விதி. எவரும் அதனை மீறுவதில்லை. ஆகவே முறையீடும் இல்லை. ஆனால் மற்றொரு மின்தூக்கி வெறுமையாய் நிற்க, மூட்டுவலியோடு ஓர் அம்மையார் காத்து நிற்பதை நான் காண்கிறேன்.

விதி மீறப்பட்டதா என்று கேட்குமுன், விதியே ஒடுக்குகிறதா என்று கேட்டல் வேண்டும். அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் நான் கேட்கவுள்ளேன். அன்பர்களும் தத்தம் குடியிருப்புகளில் கேட்பார்களாக.