மேட்டு வீடு

எங்கள் ஊரின் பெயரில் உப்பு இருக்கிறது. சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, கல என்றால் கல். ஆனால் லுணுகலையில் விளைவது தேயிலைதான். "அப்ப உப்பு எங்கயிருந்து வந்த சேர்?" என்று வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை வருஷா வருஷம் கேட்கும். கண்டி இராச்சியத்தில் மடிகே பத்த என்றொரு போக்குவரத்துப் பிரிவு இருந்ததையும், நம்மவர்கள் பொதிமாடுகளில் கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி மலைக்கு வந்ததையும் சொல்வேன். சொல்லும்போது என் மனம் அம்பாந்தோட்டைக்குப் போய்விடும். என் ராத்தாவை அங்கேதான் கட்டிக் கொடுத்தோம்.

அம்பாந்தோட்டையில் கடலை ஒட்டிய மேட்டில் ஒரு பழைய வீடு உண்டு. உதவி அரசாங்க அதிபரின் வாசஸ்தலம். 1908 ஓகஸ்டிலிருந்து 1911 மே வரை லெனார்ட் வூல்ஃப் அதில் இருந்தார். பருத்த சுவர்கள், அகன்ற விறாந்தை, இராப்பகலாகக் கீழே மோதும் அலை. ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது அவருடைய 'குரோயிங்' நூலை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஏறக்குறைய ஆயிரம் சதுர மைல், ஒரு லட்சம் சனம், அத்தனைக்கும் இருபத்தேழு வயதில் அவர் அதிகாரி. உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். மழையில்லாத மாதங்களில் லெவாயக்கள் வற்றி உப்புப் பூக்கும். அதை அள்ளுவிப்பதும் காப்பதும் அவர் பொறுப்பு. மாட்டுக் கொள்ளைநோய் வந்தபோது வண்டி இழுக்க மாடில்லாமல் போனது. கட்டாக்காலி மாடுகளைச் சுடச் சொன்ன சட்டத்தைத் தானே துப்பாக்கியோடு போய் நடைமுறைப்படுத்தியதையும், சனங்கள் தன்னை வெறுத்ததையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடிக்கும். 1913இல் வந்த அவருடைய நாவலைவிட அன்றாடம் எழுதிய உத்தியோக நாட்குறிப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த வீட்டின் ஒவ்வொரு நாளும் காகிதத்தில் இருக்கிறது.

மேட்டுக்குக் கீழே வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த தெருக்களுக்கு அப்படி ஒரு காகிதமும் இல்லை. மலாய்க்காரரும் சோனகரும் கலந்து வாழ்ந்த தெருக்கள் அவை. 1873இல் கலைக்கப்பட்ட சிலோன் ரைபிள் படையில் இருந்த மலாய்ச் சிப்பாய்களின் வழிவந்தவர்கள் பலர். அம்பாந்தோட்டை என்ற பெயரே அவர்களுடைய சம்பான் தோணிகளால் வந்தது என்பார்கள்.

மச்சானின் உம்மும்மாவும் மலாய்க் குடும்பம். எல்லோரும் அவரை நேனெ என்றே கூப்பிடுவோம். 2004 நவம்பரில் நோன்புப் பெருநாள் முடிந்து போயிருந்தேன். வட்டலப்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நேனெ பக்கத்தில் உட்கார்ந்தார். மேட்டு வீட்டைப் பற்றி நான் வாசித்ததைப் பெருமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தத் துரை எழுதினாரா, உப்பள்ளினவங்கட காலப் பத்தி?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. உப்புநீரில் நின்று கால் வெடித்து, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்களாம். அவருடைய அப்பாவின் சோடி மாடு கொள்ளைநோயில் செத்ததாம். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் வண்டி வைத்திருக்கவில்லை. லெவாயவில் முதல்முதல் படியும் மெல்லிய உப்பு ஆடைக்கு மலாயில் ஒரு சொல் சொன்னார். திருப்பிச் சொல்லச் சொல்லிச் சிரித்தார். என் கையில் கொப்பி இல்லை.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாறன் நேனெ. எல்லாத்தையும் எழுதிக்கொள்றன்."

"வாங்க மகன். நான் எங்க போகப் போறன்."

ஹஜ்ஜுப் பெருநாள் 2005 ஜனவரியில். அதற்கு முன்னே டிசம்பர் 26 வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். ராத்தா மகளோடு எங்கள் வீட்டில் இருந்தார். மச்சான் மூன்றாம் நாள் வெல்லவாய வழியாகத் தனியாக வந்து சேர்ந்தார். வாசலில் நின்று, "நேனெய ஏலாமப் போச்சு" என்று மட்டும் சொன்னார். ஜனாஸா கிடைக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது மேட்டில் இருந்த பழைய கட்டடங்கள் நின்றன. கீழே தெரு எதுவென்று தெரியவில்லை. அப்போது எனக்கு அந்த வீட்டின்மேல் வந்த கோபத்துக்கு நியாயமே இல்லை. ஒரு வீடு உயரத்தில் இருந்ததற்கு என்ன செய்யும்?

பிறகு சனங்கள் சிரிபோபுரப் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். ராத்தாவும் அங்கேதான். கரகன் லெவாய தோண்டப்பட்டு 2010இல் துறைமுகமானது. 2017இல் அது 99 வருஷத்துக்குச் சீனக் கம்பனிக்குக் குத்தகையாகப் போனது. நேனெயின் வாப்பா உப்பள்ளியது அந்த லெவாயவில்தானா என்று மச்சானிடம் கேட்டேன். இருக்கும் என்றார்.

நேனெ சொன்னதில் ஞாபகமிருப்பவற்றை எழுதிப் பார்த்தேன். கொப்பியில் ஒரு பக்கம்கூட நிறையவில்லை. அந்த உப்பு ஆடைக்கான சொல்லை ராத்தாவிடம் கேட்டேன், மச்சானிடம் கேட்டேன், சிரிபோபுரவில் இருக்கும் வயதான மலாய்க்காரர் இருவரிடமும் கேட்டேன். ஒருவர் கண்ணை மூடிக் கனநேரம் யோசித்தார். "நாக்கு நுனியில நிக்குது" என்றார். போன நோன்பில் அவரும் மௌத்தாகிவிட்டார்.