பொட்டு வைக்காத படம்

கோவில்பட்டிக் கடைவீதிக்குப் பின்சந்தில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. ஆடிக் காற்று கரிசல் புழுதியை அள்ளி வந்து கண்ணாடிகளின் மேல் பூசுகிறது. கடைக்காரர் துடைக்கிறார், காற்று மறுபடி பூசுகிறது. காத்திருப்பவர்களுக்கென்று ஒரே ஒரு பெஞ்சு.

வந்தவர் வெளியூர். தோளில் ஒரு துணிப்பை, அதில் டெல்லி இந்தியா ஆர்ட் ஃபேரின் பெயர். 2008-இல் தொடங்கிய ஓவியச் சந்தை அது. வெளிநாட்டுக் காலரிகளும் வந்து கடை விரிக்கும். நம் பக்கத்துச் சந்தை சிவகாசியில், ஆடிப் பதினெட்டுக்கு. அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்கள் அன்றுதான் வெளிவரும். கூட்டம் அதற்கும் குறைவில்லை. தோளில் மாட்டப் பைதான் கிடையாது.

“கொண்டைய ராஜு படம் இருக்குன்னாங்க.”

“இருக்கு சார், உட்காருங்க.”

சி. கொண்டைய ராஜு 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுத வந்தவர். கம்பெனி கலைந்தது, அவர் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1976-இல் காலமாகும் முன்பே, அவர் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சில் ஏறி, ஜவுளிக்கடை விளம்பரத்தோடு ஊர் ஊராய்ச் சுவரில் தொங்கின. அத்தனையும் கடைக்காரர்கள் சும்மா கொடுத்தவை.

வெளியூர்க்காரர் வெள்ளைக் கையுறை மாட்டுகிறார். பசை காய்ந்த தன் விரல்களைக் கடைக்காரர் ஒருதரம் பார்த்துக்கொள்கிறார். பூதக்கண்ணாடி முதலில் அம்மனின் முகத்துக்குப் போகவில்லை, மூலையிலிருக்கும் கையெழுத்துக்குப் போகிறது. அங்கே ராஜுவோடு சீடர் பெயரும் இருக்கிறது.

“தனியா அவர் மட்டும் வரைஞ்சது இல்லையா?”

“சீடப்பிள்ளைகளும் சேர்ந்துதான் சார் வரைவாங்க. பேரும் சேர்ந்துதான் போடுவாங்க.”

வந்தவர் முகம் லேசாகச் சுருங்குகிறது. பெரிய சந்தைகளில் ஒற்றைக் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. குரு தன் பெயருக்குப் பக்கத்திலேயே டி.எஸ். சுப்பையா போன்ற சீடருக்கும் இடம் விட்ட பெருந்தன்மைக்கு அங்கே விலை குறையும் போலிருக்கிறது.

கடைசியில் இரண்டு கஜலட்சுமிகள் தேறின. ஒன்று, வீடு இடித்தபோது வந்தது. நெற்றியில் கெட்டிப்பட்ட குங்குமம், ஓரமெல்லாம் விளக்குப் புகை, பாதத்தில் சந்தனம் வைத்து வைத்துத் தாளே தேய்ந்திருக்கிறது. இன்னொன்று விநியோகமாகாமல் கட்டிலேயே கிடந்த காலண்டர், தகரப்பட்டைகூடத் துருப்பிடிக்கவில்லை.

“இதுல கறை இருக்கே” என்று முதலாவதை ஒதுக்குகிறார்.

“கறை இல்ல சார், பொட்டு.”

பதில் இல்லை. இரண்டாவதன் விலை கேட்கிறார். கடைக்காரர் தயங்கித் தயங்கி இரண்டாயிரம் என்கிறார். பேரமே இல்லாமல் நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வருகின்றன. வாங்கியவரைவிட விற்றவருக்குத்தான் முகம் வாடிவிட்டது. ஐயாயிரம் சொல்லியிருக்கலாம் என்ற கணக்கு அதில் பச்சையாகத் தெரிகிறது.

கார் கிளம்பியதும் பொட்டு வைத்த லட்சுமியைத் தட்டி, மறுபடி ஆணியில் மாட்டுகிறார். எத்தனையோ வருஷம் ஒரு வீட்டார் தினமும் நின்று பார்த்த படம். வந்தவர் அதை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. இருந்த இரண்டில் நல்ல படம் அதுதான்.