முறத்தில் தேங்கிய மழை

எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மா முறத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். டிராயிங் மாஸ்டராக இருந்த அண்ணன், அம்மா இருக்கும்போதே கம்பி கட்டி, சிமெண்ட் குழைத்துக் கையாலேயே வழித்துச் செய்த சிலை. கன்னத்தில் அண்ணனின் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நாகர்கோவிலில் இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி பிறந்தால் சிலை பச்சையாகும், ஐப்பசியில் கறுக்கும். அண்ணனின் முதல் திதிக்குப் பிள்ளைகள் வருகிறார்களே என்று, கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரை பொங்கிப் பாசி போயிற்று. கூடவே மேற்பூச்சும் போய் மணல் தெரிந்தது. ரேகையும் இல்லை. ஆசிட் சிமெண்டைத் தின்னும் என்பது எனக்குத் தெரியாததல்ல, அவசரம். அடுத்த மழைக்குப் பாசி முன்னைவிட அடர்த்தியாகப் பிடித்தது. சொரசொரப்பில் ஈரம் நிற்குமல்லவா? எனாமல் பெயிண்ட் அடித்தேன். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது.

மொட்டைமாடி ஒழுக்கைப் பார்க்க வந்த கொத்தனார்தான் கேட்டார். "சார், முறத்தைப் பாத்தியளா? குளம் மாதிரி கெடக்கு. பாசியத் தேச்சு என்ன செய்ய? தண்ணிய வெளிய விடுங்க."

மழை முறத்தில் தேங்கி, மடி வழியாக நாள் முழுக்க வடிந்திருக்கிறது. பாசியும் சரியாக அந்தத் தாரையில்தான். முறத்தின் ஓரத்தில் சிறு துளை போட்டு, உள்ளே சரிவும் கொடுத்தார். கவிந்து நின்ற பலாக் கிளையை வெட்டினோம். மண் தெறிக்காதிருக்கப் பீடத்தைச் சுற்றி ஜல்லி கொட்டினோம்.

மாசி வெயிலில், ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரைப் பூசி, கால் மணி நேரம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். (ஆசிட்டும் ப்ளீச்சிங்கும் ஒருபோதும் சேரக் கூடாது, விஷவாயு வரும்.) பத்து நாள் காயவிட்டு, சிலேன்-சிலாக்ஸேன் நீர்விலக்கியைப் பூசினேன். இது பெயிண்ட் போல மேலே தோலாக நிற்காது. நுண்துளைகளுக்குள் இறங்கித் தண்ணீரைத் தடுக்கும். உள் ஈரம் ஆவியாக வெளியேற விடும். தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக உருள வேண்டும். கறுத்து உறிஞ்சினால் மறுபடி பூச வேண்டியதுதான்.

பாசி வெறும் அழுக்கென்றால் விட்டுவிடலாம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஈரம் உள்கம்பிக்கு இறங்கினால், துரு பருத்துச் சிமெண்டையே பிளந்துவிடும்.

துளை போடக் குனிந்த கொத்தனார், முறத்தின் அடிப்புறத்தைத் தடவிக் காட்டினார். அங்கே நாலு விரல் பதிவு அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் நான் பிரஷ்ஷைக் கொண்டுபோவதில்லை.