காடு வெட்டிய கைகள்

வடலூர்ச் சத்திய தருமச்சாலையின் அடுப்பு 1867ஆம் ஆண்டு மூட்டப்பட்டது. பசித்தோர்க்கென இராமலிங்க அடிகளார் ஏற்றிய அந்நெருப்பு இன்றளவும் அணையவில்லை. அதே ஆண்டில்தான் இலங்கையின் கண்டி மலைநாட்டில், லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் அறுவடை நன்றித் திருப்பலியில் இவ்விரண்டையும் இணைத்து மறையுரை ஆற்றினோம். அடர்ந்த காட்டைத் திருத்திய டெய்லரின் துணிவைச் சற்று மிகுதியாகவே புகழ்ந்தோம். திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் திருப்பொருளறை வாயிலில் வந்து நின்றார். இலங்கைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, தாயகம் திரும்பியோருள் ஒருவராக வந்தவர். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்த மகனோடு நம் பங்கில் வாழ்ந்தவர்.

“தொரையா சாமி காடு வெட்டுனாரு? எங்க பாட்டன் பூட்டன் கையில கத்தி இல்லாமலா அம்புட்டுக் காடும் சாஞ்சுது?” என்று கேட்டார்.

நம்மிடம் விடையில்லை. பல்லாண்டு இறையியல் பயின்ற நாம், யாருடைய வியர்வையை யார் கணக்கில் எழுதினோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

1820களில் காப்பித் தோட்டங்கள் தோன்றிய நாள் முதல், தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து மக்கள் கங்காணிகளின் பின்னே சென்றனர். மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. பிழைத்துச் சேர்ந்தவர்கள் மரம் வீழ்த்தி, தீயிட்டு, கன்று நட்டனர். பயணச் செலவே முதற்கடனாயிற்று. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப் போட்டது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கெனப் பங்கிட்டது. திரும்பி வந்தோர்க்கென நீலகிரியில் 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. மீண்டும் மலை, மீண்டும் காடு, மீண்டும் கன்று. அந்தக் காடும் ஆளற்றதாய் இருக்கவில்லை. பணியரும் குறும்பரும் அங்கே முன்னரே வாழ்ந்திருந்தனர் என்பதையும் நாம் மறத்தல் தகாது.

இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரம் முதற்கனி கொணர்வோர்க்கு ஒரு கடமையை விதிக்கிறது. கூடையைப் பீடத்தின்முன் வைத்தால் மட்டும் போதாது. முன்னோர் அந்நியராய் அலைந்ததையும் அடிமைகளாய் அழுததையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கதையில்லாத கனி காணிக்கையாகாது. நாமோ அன்று கனியை மட்டும் போற்றினோம்.

மறுவாரம் அம்மூதாட்டியை நாடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, பாட்டி வழிக் கேட்ட செய்தி ஒன்றைச் சொன்னார். தாது வருடப் பஞ்சத்தில் அவருடைய பூட்டி விருத்தாசலம் பக்கத்திலிருந்து புறப்பட்டாராம். காட்டுப் பாதையில் கைக்குழந்தை இறந்தது. குழிதோண்ட நேரமில்லை என்று கங்காணி விரட்டவே, தழையால் மூடிவிட்டு நடந்தார்களாம். தருமச்சாலையின் அடுப்பு எரிந்துகொண்டிருந்த அதே நாள்களில், அதற்கு அருகிலிருந்தே ஒரு தாய் பசியால் கடல் கடந்திருக்கிறாள்.

“அந்தப் புள்ளைக்கு ஒரு பூசை வைப்பீங்களா சாமி?” என்றார்.

அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் பட்டியலை வாசிக்கையில் ‘வழியில் இறந்த குழந்தை’ என்று வாசித்தோம். மக்கள் சற்றே நிமிர்ந்து பார்த்தனர். முன்வரிசையில் அம்மூதாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவரும் இப்போது இறைவனடி சேர்ந்துவிட்டார். ஆண்டுதோறும் அந்த வரியை அவருடைய பெயருக்கு முன்னதாகவே வாசித்து வருகிறோம். தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும் காலை வேளைகளிலும் அக்குழந்தை நம் நினைவுக்கு வருவதுண்டு.